அலறாத கருவி

அன்புள்ள அம்மாவுக்கு,

யூன்-சோல் வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? சூவோனில் இன்னும் பனிதான், நான் நலம்.

இங்கே ஒரு சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனில் விஷவாயு கசிந்தால் அலறும் கருவிக்கு நான் நிரல் எழுதுகிறேன். சென்சார் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் சென்சாரைப் போலவே எண்களை அனுப்பும் போலி ஒன்றைக் கணினியிலேயே எழுதிச் சோதித்தேன். கம்பி அறுந்ததுபோல அதை ஊமையாக்கியும், எங்கள் நிரல் "ஆபத்தில்லை" என்றே காட்டியது.

குழுத்தலைவர் பெக் சிரித்தார். "பொம்மைய வச்சு என்னையே பயமுறுத்துறியா? நாளைக்கு நிரலை ஆலைக்கு அனுப்பணும், சோதனை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடு."

"பொம்மைதான் சார். ஆனா ஏமாந்தது நம்ம நிரல். எங்கம்மா தூங்குற ரூம்ல மாட்ட முடியாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவரே விசையைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் "ஆபத்தில்லை". முகம் கறுத்துப்போய், அனுப்புவதைத் தள்ளிவைத்தார். பிழையைத் திருத்திவிட்டேன், இப்போது கம்பி அறுந்தாலும் அலறுகிறது.

எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதுவரை மதியச் சாப்பாட்டுக்கு என் மேசைக்கு யாரும் வருவதில்லை. முள்ளங்கிக் கிம்ச்சி அனுப்புங்கள், ஓர் ஆளுக்குப் போதும்.

பேருந்து வந்துவிட்டது. மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன், அம்மா.

உங்கள் மகள்,
யூன்-சோல்