வைசூரிக் காலத்தில் விடுதியில் இருந்தவன்

இன்று தபாலில் கல்லூரிப் பழைய மாணவர் விழாவின் அறிக்கை வந்தது. அச்சு மையின் வாசனைகூடப் போகவில்லை. நான்காம் பக்கத்தில் ஒரு வரி: ‘ஒரு சிறு இடையூறுக்குப் பின் விழா இனிதே தொடர்ந்தது.’ அந்த இடையூறு நான்தான். என்ன நடந்தது என்று அவர்கள் எழுதவில்லை. உனக்காவது நான் எழுத வேண்டும்.

அந்த மாசி மாதம் உனக்கு மறந்திருக்காது. விடுதியில் முதல் மாணவனுக்கு வைசூரி கண்ட அன்றே கண்காணிப்பாளர் பெட்டி படுக்கையோடு நகரின் மறுகோடியில் பாலிகஞ்சில் இருந்த மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார். சமையற்காரரும் போனார். வங்காளி மாணவர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். தெற்கிலிருந்து வந்த நாம் மூன்று பேர் எங்கே போவது? ராகவன் படுத்தான், அடுத்து நான். உனக்கு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் நீ இருந்தாய்.

பார்லியும் மருந்தும் உக்கிராண அறையில் பூட்டிக் கிடந்தன. கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாய். “பூட்டு அவரோடது, பசி நம்மளோடது” என்றாய். “சொறியாதேடா, கையைக் கட்டிப்போட்டுடுவேன்” என்று மிரட்டினாய். ஒரு நாள் என் வேட்டியைக் கிழித்துக் கட்டியும் விட்டாய்.

நாங்கள் பிழைத்தோம். திரும்பி வந்த கண்காணிப்பாளர் எங்களைப் பார்க்குமுன் பூட்டைத்தான் பார்த்தார். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் விசாரணை வைத்து, உன்னைத் திருடன் என்று கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். வாய் திறக்காமல் இருந்தால் நற்சான்று தருவதாக எங்களிடம் அவர் சொல்லியிருந்தார். நாங்கள் திறக்கவில்லை. அந்த நற்சான்றால்தான் எங்கள் இருவருக்கும் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. நீயோ ரங்கூனுக்குக் கப்பலேறினாய். துறைமுகத்தில், “ரெண்டு பேரும் பரீட்சையை ஒழுங்கா எழுதுங்கோ” என்று மட்டும் சொன்னாய். ஐந்தே வருஷத்தில் அங்கே காய்ச்சலில் போய்விட்டாய்.

விழாவில் பந்தல், பாண்டு வாத்தியம், ஓட்டப்பந்தயம், இலை நிறைய சந்தேஷ் இனிப்பு. பிறகு கண்காணிப்பாளருக்கு மாலை போட்டு, ‘வைசூரிக் காலத்தில் உயிரைப் பொருட்படுத்தாமல் மாணவர்களைக் காத்தவர்’ என்று வாசித்தார்கள். விடுதிச் சுவரில் அவர் பெயரில் ஒரு கல்வெட்டு. அவர் கைகூப்பி ஏற்றுக்கொண்டார்.

நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த ராகவன் என் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

“உக்காரு. செத்துப்போனவனுக்கு இதனால என்ன வரப்போறது? அவர் கையெழுத்து இல்லேன்னா நமக்கு ஏது உத்தியோகம்?”

“உன் வாயில கஞ்சி ஊத்தினது யாருடா?”

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

“இவர் அப்போது விடுதியிலேயே இல்லை” என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். “எங்களைக் காத்தவனை நீங்கள் துரத்தினீர்கள். அன்று பேசாமல் இருந்தவன் நான்.”

கண்காணிப்பாளர் மாலையைச் சரிசெய்துகொண்டார். இரண்டு தொண்டர்கள் என் தோளைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். பின்னால் பாண்டு மறுபடி வாசிக்கத் தொடங்கியது. கல்வெட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் கோபத்தில் பாதி அவர்கள்மேல். மீதி, விசாரணை அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற என்மேல். அது ஆறப்போவதில்லை, ஆறவும் வேண்டாம்.

ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் என் முகத்து வடுக்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். முன்பெல்லாம் நானும் குனிந்துவிடுவேன். இப்போது அவர்களை உட்காரவைத்து, நான் எப்படிப் பிழைத்தேன் என்று உன் பெயரோடும் ஊரோடும் சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன்.