உன் கட்டிலில் ஒரு கோழி

பிடிவாதக்காரி லூச்சில்லாவுக்கு,

கம்பாலாவில் பெரிய டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கப்போவதில்லை. ஊர்க்கதை மட்டும் சொல்கிறேன்.

நம் டிஸ்பென்சரிக்கு உனக்குப் பதிலாக வந்திருக்கும் சிஸ்டர் ஜசிந்தா தங்கமான பெண். அதுதான் தொல்லை. பிரசவத்துக்கு வருகிறவர்களிடம், "கொஞ்சம் முக்குறீங்களாம்மா?" என்று கெஞ்சுகிறாள். போன வாரம் லாமுனு வலியோடு எழுந்து வீட்டுக்கே கிளம்பப் பார்த்தாள். "இவளுக்குத் திட்டக்கூடத் தெரியல. இவ எப்படிப் புள்ள எடுப்பா? பழைய சிஸ்டரக் கூப்பிடுங்க" என்றாளாம்.

உன்னைப்போலப் பேசிக்காட்டுகிறவள் நான்தானே என்று, உடனே பள்ளிக்கூடத்திலிருந்து என்னை இழுத்துப்போனார்கள். கணக்கு டீச்சருக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும்? ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, உன் குரலிலேயே, "ஏண்டி, கேழ்வரகு அறுக்குற வரைக்கும் வயித்துலயே வச்சிருக்கப் போறியா? முக்குடி நீர்யானை" என்று கத்தினேன். லாமுனு சிரித்துக்கொண்டே பெற்றுவிட்டாள். தொண்டை கட்டியது எனக்கு; குழந்தைக்கு வைத்ததோ உன் பெயர்.

மடத்தில், நம் அறையில் உன் கட்டில் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஜசிந்தா கேட்டாள். அதில் கோழி அடைகாக்கிறது என்று சொல்லிவிட்டேன். "அப்படியா சிஸ்டர்? நான் பாக்கணுமே" என்றாள். பிறகென்ன, சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வீட்டில் அடையில் இருந்த கோழியை முட்டைகளோடு தூக்கிவந்து உன் போர்வைமேல் உட்கார வைத்தேன். அதுவும் உன் ஜாதிதான். கிட்டே போனால் கொத்துகிறது.

குஞ்சு பொரித்துவிட்டால் சொல்வதற்கு என்னிடம் வேறு பொய் இல்லை. அதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
பக்கத்துக் கட்டில்காரி