பழைய எடை

ஏங்க, சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சுட வெச்சுக்கங்க. குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார்.

நேத்து டாக்டருக்குக் குடுக்கச் சொல்லி எனக்காக நீங்க டைப் பண்ணி வெச்ச மன்னிப்புக் கடிதத்தோட பின்பக்கத்துலதான் இதை எழுதறேன். நல்ல பேப்பர், வீணாகக் கூடாதில்ல?

"டாக்டர் சொன்னா மருந்தை ஏத்திட்டுப் போயேன், உனக்கெதுக்கு வம்பு"ன்னீங்க. கேன்சருக்கு ஏத்தற கீமோ மருந்தோட அளவை ஆளோட எடையை வெச்சுத்தான் போடுவாங்க. நேத்து கீமோவுக்கு வந்த அந்தம்மா சீட்டுல இருந்தது போன மாச எடை. அவங்க கையில வாட்ச் முழங்கை வரைக்கும் நழுவுது. மெஷின்ல ஏத்திப் பார்த்தேன், ஏழு கிலோ குறைஞ்சிருக்கு. பழைய எடைக்குக் கலந்த மருந்துப் பையை மாட்ட மாட்டேன்னுட்டேன். சாயந்திரம் வீட்டுக்குப் போறவங்க. அங்க ஏதாவது ஆனா ஓடி வர நர்ஸா இருக்கா?

புதுசாக் கலக்க ரெண்டு மணி நேரமாச்சுன்னு டாக்டர் குதிச்சார். குதிக்கட்டும். இந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேலை போனா போகட்டும். இன்னிக்கும் எல்லாரையும் எடை பார்த்துட்டுத்தான் பையைத் தொடுவேன்.

சாவி ஷூ ரேக் மேல.

இன்னொண்ணு. உங்க பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கீங்க. எடை மெஷினைக் குளியலறை வாசல்ல வெச்சிருக்கேன். ஏறிப் பார்த்து இதுக்குக் கீழயே எழுதி வைங்க. பழைய எடையை எழுதி ஏமாத்தலாம்னு நினைக்காதீங்க. வந்ததும் நானே மறுபடி ஏத்திப் பார்ப்பேன்.