பக்கத்து வீட்டு ஊஞ்சல்

சனிக்கிழமை இரவு

தனியாக வாழ முடியாத பிள்ளைகளைப் பெற்ற எங்களைப் போன்ற ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, பத்து காவான் என்ற ஊரில் கட்டிய பராமரிப்பு வீட்டில் இன்று எங்கள் பிள்ளைகள் குடியேறினார்கள். என் மகன் குமரனுக்கு முப்பது வயது, பேச்சு வராது. சாமான் இறக்கும் பரபரப்பில் அவன் வெளியே போனதை நான் கவனிக்கவில்லை. பதறிப்போய்த் தெருவுக்கு ஓடினேன். "இந்த மாதிரி வீடு இங்கே வேண்டாம்" என்று முன்பு எதிர்த்த பக்கத்து வீட்டு கரீம் பாய், அவனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

"எங்க ஊஞ்சல்ல உக்காந்திருந்தாரு அக்கா. பயப்படாதீங்க லா. நாளைக்கும் வரட்டும்."

வேறு யார் தொட்டாலும் உதறிவிடுவான் குமரன். ஆனால் அவர் கையை மட்டும் அவன் விடவே இல்லை.

அழுதுவிட்டேன். அவனைப் புது வீட்டில் பராமரிப்பாளர்களிடம் விட்டுவிட்டு, நானும் அவன் அப்பாவும் கடல் பாலம் கடந்து ஜார்ஜ் டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற பயம் இன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடவுளே, கரீம் பாய் நன்றாக இருக்கட்டும். கண் சொக்குகிறது.