தம்பியிடம் இருந்த இரண்டாவது கடவுச்சொல்

ஐப்பசி 12, வியாழன்
வாடைக்காற்று. மேகம் மட்டும், மழை இல்லை.

என் கணினியை என் தம்பி திறந்திருக்கிறான். நான் மதுரையில் கண் அறுவைக்குப் படுத்திருந்த நேரம் பார்த்து. இறால் பண்ணைக் கழிவைக் கண்மாயில் விடுவது பற்றி வழக்குக்காக என்னிடம் வாக்குமூலம் தந்த மூன்று பெண்களின் பெயரும் அதிலிருந்து பண்ணைக்காரன் கைக்குப் போய்விட்டது. மூவருக்கும் அங்கேதான் வேலை. இன்று காலை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சொட்டு மருந்து நான்கு வேளை. குனியக் கூடாதாம்.

ஆதாரம்: செவ்வாய் காலை கரண்ட் போய் வந்திருக்கிறது. வந்ததும் கணினி தானே எழும். ஆனால் கடவுச்சொல் கொடுக்கும்வரை கோப்புகள் இருக்கும் வட்டைத் திறக்காமல் பாதியில் நிற்கும். அப்போது வெளியூரிலிருந்தும் போன் வழியாகக் கடவுச்சொல் கொடுக்கலாம். அப்படி அமைத்தவன் நான். எவனும் சொல்லித்தரவில்லை, ஏழு மாதம் பிடித்தது. பதிவில் 11.40க்குத் திறந்ததாக இருக்கிறது. அப்போது எனக்குக் கண்ணில் கட்டு. இரண்டாவது கடவுச்சொல் கீழக்கரையில் கடை வைத்திருக்கும் தம்பியிடம் மட்டும்.

13, வெள்ளி
புழுக்கம். மோட்டார் சுவிட்ச் மறுபடி மக்கர்.

தம்பி வந்தான். மறுக்கவில்லை.

"ஆமாண்ணே, கடையில இருந்தே தொறந்தேன். என் நெலத்தையும் பண்ணைக்குத்தான குத்தகைக்கு விட்டுருக்கேன். நீங்க கேஸு கீஸுன்னு போனா நான் எங்கன போறது?"

"ஏலே, அது நான் செத்தாத் தொறக்கக் குடுத்தது. நான் செத்தா போனேன்?"

"பேரை மட்டுந்தாண்ணே சொன்னேன்."

மட்டுமாம். பெயர் வெளியே போகாது என்று நான் சொன்ன பிறகுதான் மூவரில் மூத்தவள் முத்துமாரி கைநாட்டு வைத்தாள்.

காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனான். தம்ளரை எடுக்க வந்த என் மனைவி, "மிசினுக்கு அம்புட்டுப் பூட்டுப் போட்டீக. அவருக்குத் தொறக்கச் சொல்லிக்குடுத்ததும் நீங்கதான?" என்றாள்.

14, சனி
தூறல். மிளகாய் நாற்றுக்கு நல்லது.

முத்துமாரி வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே அவள் யாரிடமோ: "பெரியவரு சொல்லிருக்க மாட்டாருடி. நம்ம கூட வேலை பாக்குற எவளோதான் போட்டுக்குடுத்துருக்கா."

கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

செய்ய வேண்டியவை:
- இரண்டாவது கடவுச்சொல்லை நீக்க: நான். முடிந்தது.
- வேலையை விட்டு நிறுத்தியதற்குத் தனி மனு: ராமநாதபுரம் வக்கீல். திங்கள்.
- மூவரையும் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்க: தம்பி. முடியாது என்றால் குத்தகையை முறிக்க: அவனே.
- காட்டிக்கொடுத்தது என் தம்பி, அவனுக்கு வழி விட்டது நான் என்று முத்துமாரியிடம் சொல்ல: நான். உள்ளே போய்.