இறக்கத்துக்கு முந்தின எடைமேடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. நான், உன் மாமா, உன் மருமகள் மூன்று பேரும் கை கால் முழுசாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது. அப்படி எழுத முடிகிறதே என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு லேசாகிறது.

இரண்டு மாதமாக நீ போனை எடுப்பதில்லை. நீ அனுப்பிய ஒரே செய்தி, "வண்டிய வித்துடுங்கக்கா" என்பது. அதற்குக் கட்டைவிரலால் நாலு எழுத்துத் தட்டிப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் உன் மருமகளின் கணக்கு நோட்டில் தாள் கிழித்து உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை நீ உன் மாமா வாயால் மட்டும்தான் கேட்டிருக்கிறாய், அதுவும் அவர் கத்தும்போது. என் வாயாலும் ஒரு முறை கேள்.

அன்றைக்கு மேட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவியர் விடுதியில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. பூமிக்கு அடியில் எங்கே வெடித்தது என்றே தெரியாமல் முற்றமெல்லாம் சேறு. விடுதி வார்டன் அம்மா காலையிலேயே கூப்பிட்டு, நூறு பெண் பிள்ளைகள் குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், உடனே வந்து தோண்டிக் கொடுங்கள் என்றார். நான்தான் சரி என்று வாக்குக் கொடுத்தேன். உன் மாமா டிரெய்லரில் குட்டி பொக்லைனை ஏற்றிச் சங்கிலி போட்டார். அதோடு விட்டாரா? ஒரே நடையில் வேலை முடியட்டும் என்று பாறை உடைக்கிற சுத்தியல், மூன்று மண்வாளி, ஒரு பீப்பாய் டீசல், குழாய்த் துண்டுகள் எல்லாவற்றையும் பிக்கப்பின் பின்னால் அடுக்கினார். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தே போய்விட்டது. முன் விளக்கு இரண்டும் மரக்கிளையைப் பார்த்தன. நான், "என்னங்க, வண்டி வானத்தைப் பாக்குது?" என்றேன். "உன் தம்பி வாங்கின வண்டிடி, மலையையே இழுக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் குற்றமும் அங்கேயே ஆரம்பிக்கிறது.

மேட்டின் உச்சியில், இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இடம் இருக்கிறதே, உனக்கு நினைவிருக்கும். நம்மை எப்போதும் நிறுத்த மாட்டார்கள். அன்றைக்கு மஞ்சள் சட்டை போட்ட ஒரு அதிகாரி அம்மா நடுச்சாலைக்கு வந்து கையைக் காட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நடக்கும்போது ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். மாமாவின் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுல சின்ன டிரெய்லர் மட்டும்தான் இழுக்கலாம். இவ்வளவு பெருசுக்குத் தனியா டெஸ்ட் கொடுத்து வாங்கணுமே, அது எங்க?" என்று கேட்டார்.

மாமா வீட்டில் இருக்கிறது என்றார். நானும் வண்டியை விட்டு இறங்கி வரிந்து கட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே டெஸ்டில் பாஸாகிவிட்டார், அன்றைக்கு நான் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தேன், வேண்டுமானால் பஸ் பிடித்துப் போய் நானே எடுத்து வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் கை நீட்டிப் பேசினேன். நான் பேசப் பேச உன் மாமா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "போகாத. வீட்டுல இல்ல. நான் எடுக்கவே இல்ல" என்றார்.

தம்பி, அந்த நேரத்தில் எனக்கு லைசென்ஸ் பற்றிய நினைப்பே இல்லை. அந்த இனிப்புப் பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது. டெஸ்டில் டிரெய்லரோடு பின்னால் வரச் சொன்னார்களாம். கோணிக்கொண்டு போய் வேலியில் இடித்துவிட்டாராம். வரிசையில் நின்ற பயல்கள் சிரித்துவிட்டார்கள். வீட்டில் நான் வாசலிலேயே காத்திருப்பேன் என்று தெரியும், வெறுங்கையோடு வர மனசில்லாமல் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வாரத்தில் மறுபடி போய்ப் பாஸாகிவிடலாம் என்று நினைத்தாராம். அந்த ஒரு வாரம் ஆறு வருஷமாக நீண்டுவிட்டது.

பிறகு எடைமேடையில் ஏற்றினார்கள். டிரெய்லர் மட்டும் மூன்று டன் எழுநூறு. பிக்கப்பும் சேர்த்து ஆறரை டன். அந்த அம்மா கோபப்படவே இல்லை. என்னைக் கூப்பிட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்து, ஓரத்தில் அடித்திருந்த தகட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த வண்டி மூணரை டன் இழுக்கும்ங்கிறது நிஜம்தாம்மா. நீங்க அதையே தாண்டிட்டீங்க. அது போக, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து ஆறு டன்னைத் தாண்டக் கூடாது. நீங்க முதுகுல ஏத்துற ஒவ்வொரு கிலோவையும் இழுக்கிறதுல குறைச்சுக்கணும். முதுகு நிறையச் சுமந்துக்கிட்டு கையாலயும் இழுன்னா அது என்ன செய்யும்?" என்றார்.

இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. நீ வெளிநாட்டுக் கப்பல் பட்டறை வேலைக்குக் கிளம்பின வாரம், சாவியைக் கொடுக்க வந்தபோது, இதே கதவைத் திறந்துவைத்துக் குந்தி உட்கார்ந்து இதே தகட்டைப் படித்துக் காட்டினாய். மூன்றரை டன் இழுக்கும் மாமா, ஆனால் பின்னால் சாமான் ஏற்றினால் அந்தக் கணக்கு மாறிவிடும் என்று சொன்னாய். நான் காபித் தம்ளரோடு பக்கத்தில்தான் நின்றேன். நீ சொன்னதில் முதல் பாதியை மட்டும் உன் மாமா வைத்துக்கொண்டார். அவர் மட்டுமில்லை, நானும்தான்.

இன்னும் கேள். சோதனைக்கார இளைஞர் ஒருவர் டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். இடது பக்கச் சக்கரங்களில் பிரேக்கே பிடிக்கவில்லை. உள்ளே துருவேறி இறுகிக் கிடந்தது. சமதரையில் பிக்கப்பின் பிரேக்கே எல்லாவற்றையும் சமாளித்ததால் நமக்குத் தெரியாமல் போயிருக்கிறது. வண்டி இங்கிருந்து ஒரு அடி நகரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உன் மாமாவுக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. பிள்ளைகள் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்த ஒரு தடவை விடுங்கள் என்று குரலை உயர்த்தினார். அந்த அம்மா, "விட்டா நீங்க போயிடுவீங்க சார். வண்டி நிக்குமான்னுதான் எனக்குத் தெரியல" என்றார். 

வாக்குக் கொடுத்தாயிற்றே என்று நாங்கள் இருவரும் பஸ் பிடித்து விடுதிக்குப் போனோம். அதே இறக்கம். ஆறு கிலோமீட்டர். நான் ஜன்னலோரம், அவர் பக்கத்தில். முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். கீழே சாலை முடிகிற இடத்தில் சந்தை முக்கு. பஸ் நின்றது. பள்ளிக்கூடச் சுற்றுலாவோ என்னவோ, தொப்பி போட்ட சின்னக் குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரிக் குறுக்கே போனார்கள். போய்க்கொண்டே இருந்தார்கள், வரிசை முடிகிற மாதிரித் தெரியவில்லை. உன் மாமா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மெல்ல என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். உள்ளங்கை ஐஸ் மாதிரி இருந்தது.

விடுதியில் மண்வெட்டி வாங்கி அவரே தோண்டினார். காவலாளியும் சமையல்காரரும் கூட இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் வெடிப்பைக் கண்டுபிடித்து அடைத்தாயிற்று. கை முழுக்கக் கொப்புளம். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிடாமல், உன்னைப் போனில் கூப்பிட்டுத்தான் அப்படிக் கத்தினார். உன் பேச்சைக் கேட்டுத்தான் மோசம் போனேன், என் குடும்பத்தையே கொல்லப் பார்த்தாய் என்று. நான் அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். நீ அன்றைக்குச் சொன்னதைக் கேட்ட சாட்சி நான் ஒருத்திதான். வெளியே வந்து போனைப் பிடுங்கி, தம்பி சரியாகத்தான் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்து நடுங்கிப்போன மனுஷன், யார் மேலாவது இறக்கி வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சுமை உன் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணா.

இனி நல்ல சேதி. பொக்லைனைப் பெரிய லாரி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது. அபராதமும் கட்டியாயிற்று. மறு வாரமே அவரை டிரெய்லர் ஓட்டுகிற பயிற்சித் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். விண்ணப்பத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். "நீ எதுக்குடி?" என்றார். இனி உங்கள் வாய்ச்சொல்லை நம்பிப் பக்கத்தில் உட்கார மாட்டேன், நானே ஓட்டுவேன் என்றேன். சிரிக்காதே. பின்னால் போகும்போது டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். எதற்கும் நேரெதிராகச் சொன்னால்தான் காரியம் நடக்கிற வீட்டில் குப்பை கொட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய வித்தை? முதல் தடவையிலேயே பாஸ்! உன் மாமா வழி காட்ட வைத்திருந்த கூம்புகளில் ஒன்றே ஒன்றை லேசாகத் தட்டிவிட்டார், ஃபெயில். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் காற்று அடித்தது, கூம்பை வைத்தவன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் இந்தத் தடவை மறைக்கவில்லை. தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அவ பாஸு, நான் ஃபெயிலு" என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். மூன்று வாரம் கழித்து மறுபடி போய் வாங்கிவிட்டார். காகிதத்தை என் கையில் கொடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார் என்றார். நானும் தேதி, முத்திரை உள்பட முழுக்கப் படித்தேன்.

டிரெய்லருக்குப் புது பிரேக் போட்டாயிற்று. தலைக்கு மேல் ஏற்றுகிற வழக்கமும் போயிற்று. பொக்லைனைக் கொடுத்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்று மாற்றிக்கொண்டோம், சாமான்கள் தனி நடையில் போகின்றன. இரண்டு நடை போனால் நேரம் போகிறது, போகட்டும். போன திங்கட்கிழமை அதே மேட்டில் அதே அம்மா நிறுத்தினார். ஸ்டீயரிங்கில் நான். எல்லாம் சரியாக இருந்தும் காகிதங்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினேன். எடையைப் பார்த்தார், இரண்டு பேர் லைசென்ஸையும் பார்த்தார், குனிந்து பிரேக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். "போயிட்டு வாங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த இறக்கத்தில் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன்.

வண்டியை விற்கப் போவதில்லை. அது நல்ல வண்டி, நீ சொன்ன மாதிரியே நல்ல வண்டி.

உன் மாமா உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டார். அவருக்கு அந்த வார்த்தை வராது, உனக்கே தெரியும். ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது, இங்கே ஆறு மணி என்றால் அங்கே என்ன மணி என்று உன் மருமகளைக் கேட்டார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, சும்மா என்றார். வேலையிலிருந்து வந்ததும் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். முன்பெல்லாம் அப்படி இல்லை.

வேலையில் கவனமாக இரு. வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நாங்கள் அதைப் பார்க்க வேண்டும். கடிதம் கைக்கு வந்ததும் ஒரு தடவை கூப்பிடு. எனக்கு வேண்டாம், அவர் எண்ணுக்குக் கூப்பிடு. முதல் மணியிலேயே எடுப்பார்.

உன் நலமே வேண்டும்,
அக்கா