ரீத்தாவிடம் போன நம்பர்

மஸ்கட்
3.8.2025

அன்புள்ள அபி அப்பா,

நான் சுகம். நீங்களும் நம்ம அபினேஷும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது. அதனால்தான் என்னோடு வேலை பார்க்கிற, லீவில் ஊருக்கு வருகிற அஸ்வதி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது. இன்டர்நெட்டில் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிற கணக்கைத் திறக்கப் புதுப் போனில் பாஸ்வேர்டைப் போட்டால், என் பழைய ஊர் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. அந்த சிம்தான் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துவிட்டதே! அபி தவழ்ந்தது, முதல் பல், பள்ளிக்கூட வாசலில் கதறியது, எல்லாம் அதற்குள்ளே. பத்து மாதப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு வேறென்ன இருக்கிறது? நாம் படித்த கம்ப்யூட்டர் கிளாஸில் பிளாப்பியைக் கர்ச்சீப்பில் பொதிந்து வைத்தவர் நீங்கள். இப்போது எனக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுகிறீர்கள். நல்ல ஆளு! பாஸ்வேர்டை அடியில் எழுதியிருக்கிறேன். எப்படியாவது மீட்டுத் தாருங்கள்.

உங்கள் சுஜி

மார்த்தாண்டம்
24.8.2025

என் சுஜிக்கு,

எல்லாம் கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாய். மீதிக் கதையைக் கேட்கவே இல்லை.

உன் பழைய நம்பருக்குச் சும்மா அடித்துப் பார்த்தேன். களியக்காவிளையில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கும் ரீத்தா என்பவள் எடுத்தாள். அந்த நம்பர் இப்போது அவளுடையதாம். "ஒரு ஓடிபி வரும், சொல்லுவியளா அக்கா?" என்றேன். "உம்ம மாதிரி எத்தன கள்ளன்மார பாத்தாச்சு ஓய்! போன வையும்!" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அபியையும் கல்யாண ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ரீத்தா ஆல்பத்தில் உன் முகத்தையும் அபியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மைக்க மூக்குல்லா இது!" என்று சிரித்தாள். அப்புறம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஓடிபியை அவளே வாசித்தாள். என் போனில் படங்கள் திறந்ததும் அபி போட்ட கூச்சலில் கடையே கூடிவிட்டது.

நானும் கம்ப்யூட்டர் படித்தவன் என்று பெயர்தான். ஒரு படத்தை வெளியே எடுக்கத் தெரியாமல் நாள் முழுக்க முழித்தேன். கடைசியில் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் ஏற்றினேன். ஒன்று நம் பீரோவில், மற்றது திரும்பி வருகிற அஸ்வதி கையில். இனி எவன் கதவைப் பூட்டினாலும் நமக்குக் கவலையில்லை.

செல்வதாஸ்

மஸ்கட்
29.8.2025

அபி அப்பா,

டிஸ்க் வந்தது. இன்டர்நெட்டே இல்லாமல் என் பிள்ளை தவழ்கிறான்! அப்பாடா, இப்போதுதான் உயிர் வந்தது. ரீத்தாக்காவுக்கு ஒரு சென்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.

இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் படத்தில் பார்க்கிறேனே என்று மூன்று வருடமாக லீவைத் தள்ளிப்போட்டேன். படங்கள் போன அன்றுதான், என் பிள்ளை என் தோளுக்கு வருவானா, இடுப்புக்கு வருவானா என்றே எனக்குத் தெரியாது என்று உறைத்தது. அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போதுதான் எல்லாம் கிடைத்துவிட்டதே, இன்னும் கொஞ்ச நாள் இரு என்று சொல்லிவிடாதீர்கள். டிக்கெட் போட்டாயிற்று.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அபியைக் கூட்டி வாருங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சுஜி